இரும்பு எங்கே போகிறது

ஹீமோகுளோபின் எட்டு என்று ஆய்வகத்தில் கொடுத்த தாளைப் பயிற்சியாளர் ஆன்ட்ரூஸ் சார் மடித்து என் கையிலேயே திருப்பித் தந்தார். ஈரல் தின்று இரத்தத்தை ஏற்றுவதாக இருந்தால் மாநில அணித் தேர்வு ஓட்டத்துக்கு என் பெயரைக் கொடுப்பேன், இல்லையென்றால் ஆயிரத்தைந்நூறு மீட்டருக்கு வேறு பெண்ணை அனுப்புவேன் என்றார். ஓட்டம் அடுத்த சனிக்கிழமை. இருபது வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் எனக்கு இதுதான் கடைசி ஆண்டு.

"ஏட்டி ஜெனிலா, சோயாவத் தின்னுட்டு மான் மாதிரி ஓடலாம்னு நெனைக்கியா? மான் ஓடுகது புலி தொரத்துகதுனால."

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சொல்வது சரியாக இருந்துவிடுமோ என்கிற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

போன வருடம் களியக்காவிளை சோதனைச் சாவடியில் எங்கள் பேருந்து நின்றபோது, பக்கத்து லாரியில் கன்றுக்குட்டிகள் நெருக்கிக் கட்டப்பட்டிருந்தன. காளைக்கன்றுகள், பால் தராதே, வைத்து என்ன செய்வது என்று பக்கத்து இருக்கைக்காரர் சொன்னார். மீன் இல்லாமல் சோறு இறங்காத வீட்டில் பிறந்தவள் நான். அன்றிலிருந்து மீனையும் முட்டையையும் மட்டுமல்ல, பாலையும் தயிரையும்கூட விட்டேன்.

யோசிக்காமல் விடவில்லை. ஓடுகிற உடம்புக்கு எது எவ்வளவு வேண்டும் என்று தேடிப் படித்தேன். காலையில் முளைகட்டிய பயறு, மதியம் கடலையும் முருங்கைக்கீரையும், பயிற்சி முடிந்ததும் சோயா, சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு, பி12 மாத்திரை. எல்லாம் கிண்ணத்தில் அளந்துதான். இரத்தம் குறைகிறது என்று தெரிந்ததும் இரும்புச்சத்து மாத்திரையும் வந்தது. சாப்பிட்டதும் அம்மா வைக்கும் கட்டன் டம்ளரிலேயே அதையும் விழுங்கிவிடுவேன்.

ஆனாலும் சிதறால் மலைப்பாதையில் பாதி ஏறுவதற்குள் கண் இருட்டியது. மார்த்தாண்டத்தில் மாலை நேரக் கணினிக் கணக்கியல் வகுப்பில் விசைப்பலகைமேல் விரல்கள் சில்லிட்டுக் கிடந்தன. இரும்பு உள்ளே போகிறது, பிறகு எங்கே போகிறது என்று தெரியவில்லை. மருத்துவர், சேலத்துக்காரர், முதல் தடவையே டீ, காபி குடிப்பீர்களா என்று கேட்டிருந்தார். பாலை விட்டபோதே இரண்டையும் விட்டுவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். மாத்திரையின் அளவைக் கூட்டினார்.

ஆன்ட்ரூஸ் சார் சொன்னதை அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. அன்று மாலையே மிளகு போட்டு ஈரல் வறுத்து, என் தட்டில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒரே துண்டு மக்கா. ஏசப்பா இதையெல்லாம் கணக்கு பாக்கமாட்டாரு."

"அவரு பாக்கமாட்டாரு. நான் பாப்பேன்லாம்மா."

அம்மா அழவில்லை. அழுதிருந்தால் எழுந்து போயிருப்பேன். தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் ஒரு துண்டை எடுத்தேன். வாய்வரை கொண்டுபோனேன். சனிக்கிழமை என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். திரும்ப வைத்துவிட்டு வெறும் சோற்றைத் தின்றேன். அம்மா வழக்கம்போல் கட்டன் கொண்டுவந்தாள். மாத்திரையை விழுங்கினேன்.

மறுநாள் மைதானத்தில் இரண்டாவது சுற்றில் விழுந்தேன்.

மருத்துவர் அதே கேள்விகளை மறுபடி கேட்டார். மயக்கம் தெளியாமல் என்னால் பேச முடியாததால் அம்மா பதில் சொன்னாள்.

"டீயே தொடமாட்டா டாக்டரே. பாலு கூடாதுல்லா. கட்டன் மட்டுந்தான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "கட்டன்னா என்ன?"

"தேயிலத் தண்ணி. பாலு ஊத்தாம. சோறு உண்டா ஒரு கட்டன், கெழங்கு தின்னா ஒரு கட்டன், குளிகை போட அரை டம்ளரு."

"அம்மா, பால் ஊத்தினாலும் ஊத்தாட்டியும் அது டீதாம்மா."

தேயிலையின் துவர்ப்பு, பயறிலும் மாத்திரையிலும் இருக்கிற இரும்பைப் பிடித்துக்கொண்டு இரத்தத்தில் சேரவிடாது என்று விளக்கினார். முழுக் காரணமும் அதுவாக இருக்காது, நீண்ட தூரம் ஓடுகிறவர்களுக்கு இரும்பு வேறு வழியிலும் குறையும் என்றார். சாப்பாட்டையொட்டிக் கட்டன் கூடாது, மாத்திரையை எலுமிச்சைச் சாற்றில் போட வேண்டும், இரத்தம் ஏற மாதக்கணக்காகும். சனிக்கிழமை ஓடவே கூடாது.

ஆன்ட்ரூஸ் சாரைத் தொலைபேசியில் அழைத்தேன். ஈரல் தின்றாயா என்று கேட்டார். இல்லை என்றேன், கட்டன் விஷயத்தைச் சொன்னேன்.

"எங்க வீட்லயும் சோறுண்டா கட்டன்தான்" என்றார். பிறகு, "சனிக்கிழமைக்கு வேற பிள்ளைய அனுப்புகேன், என்னா?"

சரி என்றேன். அடுத்த வருடம் பெரியவர்கள் பிரிவில் பார்க்கலாமா என்று கேட்க நினைத்திருந்தேன். அதற்குள் தொலைபேசியை வைத்துவிட்டார்.

அன்று சாப்பிட்டு முடித்ததும் கைப்பழக்கத்தில் அம்மா கட்டனை என் முன்னால் வைத்தாள். வைத்த பிறகுதான் இருவரும் அதைப் பார்த்தோம். அவளே எடுத்து, நின்றபடி குடித்தாள். மாத்திரை என் உள்ளங்கையில் ஈரமாகிக்கொண்டிருந்தது. எலுமிச்சம்பழம் வாங்க மறந்திருந்தோம். வெறும் தண்ணீரில் விழுங்கினேன்.