அடுத்த மாசம் வாங்க

பெயில் சார் தன் சொந்த மனைவிக்கே விசா தர முடியாது என்று சொல்லிவிட்டார். அதுவும் அந்த வாரத்தில் மூன்றாவது தடவையாக.

"பதில் திருப்தியா இல்லம்மா. அடுத்த மாசம் வாங்க" என்றார், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து.

டெய்லரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கவுன்ட்டர் என்று அவர் கையூன்றியிருந்தது அவளுடைய தையல் மிஷின். அதன்மேல் கை வைக்காத ரவிக்கை ஒன்று, நாளைக் காலையில் கொடுத்தாக வேண்டியது, அவர் முழங்கைக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது.

"எழுந்திரிங்க முதல்ல. துணி கசங்குது."

"தூதரகத்துல போயும் இப்படித்தான் பேசுவியா?"

மனுஷர் வேலையில் இருந்த காலமெல்லாம் டிரைவிங் லைசென்ஸ் கேட்டு வருகிறவர்களைச் சோதித்தவர். ரிவர்ஸ் எடுக்கும்போது திரும்பிப் பார்த்தால் கண்ணாடியைப் பார்க்கவில்லை என்பார். கண்ணாடியைப் பார்த்தால் திரும்பிப் பார்க்கவில்லை என்பார். ஊரில் பாதிப் பேர் அவரிடம் "அடுத்த மாசம் வாங்க" வாங்கியவர்கள். கூடப் பிறந்த தம்பிக்கே கருணை காட்டவில்லை. பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. ஓய்வு பெற்ற பிறகு பெயில் போட ஆள் கிடைக்காமல் கை நமநமத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் தென் அமெரிக்காவில் இருக்கிற இந்தப் பெரு நாட்டுப் பயணம் வந்து வாய்த்தது.

டெய்லரம்மாவின் அக்கா, மகனுக்கு அங்கே வேலை என்று போய், மலைமேல் ஓர் ஊரில் தங்கிவிட்டவள். தாயில்லாத வீட்டில் தங்கைக்குத் தலை பின்னி, சோறு ஊட்டி, திட்டி, வளர்த்தவள் அவள்தான். "எனக்கு முழங்கால் போச்சுடி. இனிமே நான் எங்க பிளேன் ஏறி வர? நீ வந்தாத்தான் உண்டு" என்று போனில் அழுதுவிட்டாள். டெய்லரம்மாவுக்கு மலையும் வேண்டாம், கோட்டையும் வேண்டாம். அந்த முகத்தை ஒரு தடவை நேரில் பார்த்தால் போதும்.

ஏற்பாட்டை எல்லாம் பெயில் சார் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். சும்மா சொல்லக்கூடாது, உருப்படியான காரியங்களும் செய்தார். பாஸ்போர்ட் நகலை ஒவ்வொரு பையிலும் ஒன்று போட்டார். தாங்கள் போகிற ஜூலையில் அங்கே குளிர்காலம் என்று கண்டுபிடித்து ஸ்வெட்டர் வாங்கினார். காட்டுப் பக்கம் போவதானால் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று டாக்டரிடம் விசாரித்தார். அங்கே பேசுகிற ஸ்பானிஷில் நன்றி சொல்லப் பழகி, பால்காரரிடம் சொல்லிப் பார்த்தார். பால்காரர் அன்றைக்குப் பாக்கிப் பாலை ஊற்றாமலே ஓடிவிட்டார்.

ஆனால் ஒத்திகை என்று ஒன்றை ஆரம்பித்தாரே, அங்கேதான் வினை.

"ரொம்ப உயரமான ஊரு. காத்து கம்மி. போய் இறங்கின முதல் நாள் ஒரு வேலையும் செய்யக்கூடாது. தண்ணி குடிச்சிட்டுப் படுத்தே இருக்கணும். வா, பழகிப் பார்த்துடுவோம்."

டெய்லரம்மா உடனே படுத்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து பகலில் கால் நீட்டிப் படுத்ததில்லை. ஆகா, என்ன சுகம்! சமையலறையில் சோறு தீய்ந்த வாசனை வந்தது. பாத்திரம் ஒன்று உருண்டது. "என்னங்க, தண்ணி" என்று கூப்பிட்டாள். கொண்டுவந்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கூப்பிட்டாள்.

சாயங்காலம், "நாளைக்கும் ஒத்திகை பார்ப்போமா?" என்று கேட்டாள்.

"வேணாம். உனக்கு நல்லாவே பழகிடுச்சு" என்றார் அவர், அடிப்பிடித்த பாத்திரத்தைச் சுரண்டியபடி.

விசா ஒத்திகையில்தான் அவள் தேறவே இல்லை.

"எதுக்குப் போறீங்க?"

"அக்காவைப் பார்க்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? பார்த்துக்கிட்டே இருப்பேன்."

"இதெல்லாம் ஒரு பதிலா? அந்த நாட்டைப் பத்தி நாலு விஷயம் சொல்ல வேணாமா? அடுத்த மாசம் வாங்க!"

தூதரகத்துக்குப் போன அன்று டெய்லரம்மா அவர் சொல்லிக்கொடுத்த நாலு விஷயத்தை முணுமுணுத்துக்கொண்டே போனாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஓர் அதிகாரி. பக்கத்தில் அவர் பேச்சைத் தமிழில் சொல்ல ஒரு பெண். முதலில் டெய்லரம்மாவைத்தான் கூப்பிட்டார்கள். எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டார்கள்.

"அக்காவைப் பார்க்க. அவளுக்கு முழங்கால் போச்சு."

"அப்புறம்?"

நாலு விஷயத்தில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. "பார்த்துக்கிட்டே இருப்பேங்க" என்றாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது அதிகாரி சிரித்துக்கொண்டே முத்திரை குத்தியிருந்தார்.

அடுத்து பெயில் சார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு போய் நின்றார். வாழ்க்கை முழுக்கக் கேள்வி கேட்டே பழகிய மனுஷர், பதில் சொல்கிற பக்கம் நின்றதே இல்லை. எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டதுதான் தாமதம், மலை எவ்வளவு உயரம், ஏரி எவ்வளவு அகலம், அங்கே உருளைக்கிழங்கில் எத்தனை ஆயிரம் வகை என்று மூச்சுவிடாமல் அடுக்கினார்.

"நீங்க உருளைக்கிழங்கு வியாபாரியான்னு கேக்கறார்" என்றாள் அந்தப் பெண்.

"இல்ல."

"அப்புறம் எதுக்குப் போறீங்கன்னு கேக்கறார்."

பெயில் சாருக்குச் சுருக்கென்றது. "முதல்ல பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்க்கணும். அப்புறம்தான் கேள்வி. அதுதான் முறை. அப்படியே சொல்லும்மா, ஒரு வார்த்தை விடாம."

அவளும் சொல்லித் தொலைத்தாள். அதிகாரி காகிதங்களைச் சேர்த்து இந்தப் பக்கம் தள்ளினார்.

"சார், அடுத்த மாசம் வாங்க" என்றாள் அந்தப் பெண்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. அவர் தம்பி மட்டும் அங்கே இருந்திருந்தால் தரையில் உருண்டு சிரித்திருப்பான். டெய்லரம்மாவுக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை. அவர் வீட்டுக்கு வந்ததும், "நீ போயிட்டு வா. எனக்கென்ன, சோறு வைக்கத் தெரியும்" என்றார். அந்தச் சோற்றின் லட்சணம்தான் அவளுக்குத் தெரியுமே!

அவள் மிஷினுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். அவருடைய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"வாங்க சார். எதுக்குப் போறீங்க?"

"விளையாடாத."

"பதில் திருப்தியா இல்ல. அடுத்த மாசம் வாங்க."

"சரி, சரி. கடல் மட்டத்துலேர்ந்து..."

"அடுத்த மாசம் வாங்க."

அவர் மிஷின்மேல் கிடந்த நூல்கண்டை எடுத்து உருட்டினார்.

"நீ அங்க போயிட்டா இந்த மிஷின் சத்தம் இருக்காது. இந்த வீட்டுல தனியா எனக்கு மலை ஏறாமலே மூச்சு வாங்கும். போதுமா?"

டெய்லரம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"இதை அங்க சொல்லியிருக்கலாமே."

"அத்தனை பேர் முன்னாடியா? செத்தாலும் மாட்டேன்."

அவள் அக்காவுக்குப் போன் போட்டு, ஒரு மாசம் பொறுத்துக்கொள்ளச் சொன்னாள். "உங்கிட்ட முத்திரை இருக்குல்ல? கிளம்பி வாடி! அவரு என்ன கைக்குழந்தையா?" என்று அக்கா கத்தினாள். தங்கை அழுதாள், ஆனால் கிளம்பவில்லை.

மறுமாதம் அதே கண்ணாடித் தடுப்பு, அதே அதிகாரி, அதே பெண். எதற்குப் போகிறீர்கள்?

பெயில் சார் வாயைத் திறந்தார். 'கடல் மட்டம்' வரப்போகிறது என்று டெய்லரம்மா பல்லைக் கடித்தாள். அவர் திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தார். காது மடல் வரைக்கும் சிவந்து போய், மிஷின் சத்தத்தையும் மூச்சு வாங்குவதையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். பின்வரிசையில் யாரோ "அடடா!" என்றார்கள். அந்தப் பெண் மொழிபெயர்க்க மறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படியே சொல்லும்மா" என்றாள் டெய்லரம்மா. "ஒரு வார்த்தை விடாம."

அந்தப் பெண் சொன்னாள். அதிகாரி வேறெதுவும் கேட்காமல் முத்திரையை எடுத்தார்.

"பாஸ்போர்ட்டைச் சரியாப் பார்க்காம எப்படி..." என்று பெயில் சார் ஆரம்பிக்க, டெய்லரம்மா அவர் காலை ஓங்கி ஒரு மிதி மிதித்தாள்.