மருந்தடிக்காத மருந்து

இரும்புலியூர் சர்ச்சில் அன்று கடவுள் தந்த நன்மைகளை எல்லோர் முன்னும் சாட்சி சொல்லும் ஞாயிறு. என் முறை வந்தது. ஜோஸ்வின் என்றால் சும்மாவா, புற்றுநோய் ஆராய்ச்சி மாணவன்! மைக் கைக்கு வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"நாங்க பண்ற துகள் கண்ணுக்கே தெரியாது. ஊசியில ஏத்திட்டு மேல லேசர் லைட் அடிச்சா அது சூடாகும். அந்தச் சூட்டுல கேன்சர் கட்டி மட்டும் வெந்துடும். எல்லாமே ஆர்கானிக்."

சுண்டெலிகளுக்குத்தான் செய்து பார்த்திருக்கிறோம் என்பதைச் சொல்லவில்லை. மறதியெல்லாம் இல்லை. சொன்னால் கைதட்டல் குறையும்.

வாசலில் ரோஸி அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். சர்ச்சைப் பெருக்கித் துடைப்பவர். மார்பில் புற்றுநோய். பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் கீமோ ஏற்றிக்கொண்டிருந்தார்.

"ஆர்கானிக்னா, மருந்தடிக்காத காய்கறி மாதிரியா தம்பி? முடி கொட்டாதுல்ல?"

எங்கள் வேதியியலில் ஆர்கானிக் என்றால் கார்பன் சேர்ந்த பொருள், அவ்வளவுதான். காய்கறிக்கு அடிக்கிற பூச்சிமருந்தே பெரும்பாலும் ஆர்கானிக்தான். இதையெல்லாம் யார் நின்று விளக்குவது? "அப்படித்தான்க்கா" என்று சிரித்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து அதே வாசலில் கேட்டார். "எப்ப தம்பி எனக்கு லைட்டு வைப்ப? கீமோவ நிறுத்திட்டு காத்துகினு கீறேன்."

எலி, இன்னும் பல வருஷம், மனிதர்களுக்குக் கிடையாது என்று எல்லாவற்றையும் திக்கித் திணறிச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அப்ப நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவணும். டாக்டரு கத்துவாரு. நீயும் கூட வா" என்றார்.

போனேன். தொட்டுப் பார்த்ததும் டாக்டரின் முகம் மாறியது. "கட்டி பெருசாயிருக்கும்மா. ஆபரேஷனுக்கு அடங்குமான்னு இனிமேதான் பார்க்கணும். யாரு உங்களை நிறுத்தச் சொன்னது?"

ரோஸி அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"யாரும் சொல்லல சார். எனக்கே புத்தி கெட்டுப்போச்சு."

"இவர் யாரு?"

"எங்க சர்ச்சு தம்பி சார். தொணைக்கு வந்துகீது. பெரிய படிப்பு படிக்குது."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "படிச்ச நீங்களாவது இவங்களுக்கு எடுத்துச் சொல்லக் கூடாதா?"

"சொல்றேன் சார்" என்றேன்.