அதே மாடல் இன்னொரு வண்டி

பணி ஓய்வு பெற்ற மறு மாதமே டிரைவர் அந்தக் குட்டி டிராக்டரை வீட்டுக்கு இழுத்து வந்துவிட்டார். முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவர் என்பதால் தெருவில் அவருக்கு வேறு பெயரே கிடையாது. வயல் உழுகிற பெரிய டிராக்டர் அல்ல அது. தோட்டத்து மரங்களுக்கு நடுவே புகுந்து புல் வெட்டவும் சருகு இழுக்கவும் செய்த வண்டி, அவர் இடுப்பு உயரம்தான் இருக்கும். ஆஸ்பத்திரித் தோட்டத்தின் மூலையில் கொடி படர்ந்து கிடந்ததை, எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று கொடுத்துவிட்டார்கள்.

"அதுக்கும் உங்க வயசுதான் இருக்கும்," என்றாள் மனைவி. "உங்களுக்காவது தேய்ஞ்ச இடத்துக்கு டாக்டர் மாத்திரை தர்றார்."

எட்டு மாதத்தில் எஞ்சினுக்கு உயிர் வந்துவிட்டது. கார்புரேட்டரைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினார். பெட்ரோல் டாங்கிக்குள் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கித் துருவை உதிர்த்தார். ஸ்டியரிங்தான் கழுத்தை அறுத்தது. சக்கரத்தை அரைச்சுற்றுச் சுற்றினாலும் முன் டயர் அசையவில்லை. ஸ்டியரிங் தண்டின் அடியில் இருக்கும் அரைவட்டப் பல்சக்கரத்தில் ஐந்து பற்கள் மொட்டையாகத் தேய்ந்திருந்தன. லேத்காரர் புதிதாக ஒன்று கடைந்து கொடுத்தார். அந்த இரும்பு மெத்தென்று இருந்ததில் இரண்டே வாரத்தில் அதுவும் மழுங்கியது. அந்த மாடலைச் செய்வதை நிறுத்தியே நாற்பது வருஷம் ஆகிவிட்டது. பழைய இரும்புக்கடை ஒன்று பாக்கியில்லாமல் அலைந்தார்.

கடைசியில் ஒரு கடைக்காரர் அவரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

"ஆஸ்பத்திரியில வேலை பார்த்த நர்சம்மா ஒருத்தங்க இருக்காங்க, அதே மாடல் ஒண்ணு அவங்க வீட்டு ஷெட்ல நிக்குது. நான் ரெண்டு தடவை போய்க் கேட்டுட்டேன், கேட்டைக்கூடத் திறக்கல. அவங்க வீட்டுக்காரர் அந்த வண்டிக்கு அடியில மாட்டித்தான் செத்தார்."

டிரைவர் அந்தப் பக்கமே போகக் கூடாது என்று நினைத்தார். ஒரு வாரம் மனசைக் கட்டிப்போட்டுப் பார்த்தார். எட்டாம் நாள் போன் செய்துவிட்டார்.

அவர் பேசி முடிக்கும்வரை நர்சம்மா குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு சொன்னாள்: "பார்ட் மட்டும் தர மாட்டேன். மொத்தமா எடுத்துக்குங்க. ஆனா இங்கேயே, என் கண்ணு முன்னாடி பிரிக்கணும். முழு வண்டியா அது என் கேட்டைத் தாண்டக் கூடாது."

அவள் வீட்டுக்குப் பின்னால் தோட்டம் சரிவாக இறங்கி ஒரு கல் சுவரில் முடிந்தது. கதவே இல்லாத தகர ஷெட்டில் வண்டி நின்றது. முன்பக்கம் நசுங்கி, இருக்கை கிழிந்து, நாலு டயரும் தரையோடு ஒட்டிப் போயிருந்தன. உதவிக்கு அவள் மகன் லீவு போட்டிருந்தான். மின்சார ஆபீசில் மீட்டர் ரீடிங் எடுக்கிறவன். முப்பதைத் தாண்டியவன், கல்யாணம் ஆகவில்லை, அம்மாவோடுதான் இருந்தான். "வாங்க சார்" என்று சொல்லிவிட்டு ஸ்பானர்களை எடுத்து வந்தான்.

டிரைவர் முதலில் எஞ்சின் மூடியைக் கழற்றினார். நர்சம்மா முக்காலி போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள். கேட்காமலே சொல்ல ஆரம்பித்தாள்.

"அன்னைக்குக் காலையில எனக்கும் அவருக்கும் சண்டை. 'இந்த வீட்டுக்கு நீங்க என்ன கிழிச்சீங்க'ன்னு கேட்டுட்டேன். நைட் டியூட்டி முடிஞ்சு வந்த எரிச்சல். அவர் சாப்பிடாம வண்டியை எடுத்துக்கிட்டு தோட்டத்துக்குப் போயிட்டார். கோபத்துல கண்மண் தெரியாம ஓட்டியிருக்கார். சரிவுல இறங்கும்போது நேரா அந்தச் சுவர்ல மோதி வண்டி கவுந்துடுச்சு. பதினோரு வருஷமாச்சு. நான் அந்த வார்த்தையைச் சொல்லாம இருந்திருந்தா இன்னைக்கு இருப்பார்."

மகன் ஸ்பானர்களைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தான். அவள் டீ போட உள்ளே போனாள்.

டிரைவர் மல்லாந்து படுத்து வண்டிக்கடியில் போனார். பல்சக்கரம் கண்ணில் பட்டது. பதினான்கு பல்லும் புதுசு மாதிரி. ஒரு நொடி சந்தோஷத்தில் மூச்சே நின்றது. அதைக் கழற்ற வேண்டுமென்றால் குறுக்கே கிடந்த பிரேக் கம்பியை நகர்த்தியாக வேண்டும். கம்பி தொட்டதுமே தளர்ந்து தொங்கியது. பெடலோடு அதைச் சேர்க்கிற இடத்தில் சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு இரும்புப் பின் இருக்க வேண்டும். அந்த ஓட்டையில் இருந்தது மரத்தில் அடிக்கிற சாதாரண ஆணி. பாதியில் அறுந்து போயிருந்தது.

முப்பத்திரண்டு வருஷம் தினமும் காலையில் பிரேக்கை மிதித்துப் பார்த்த பிறகே பஸ்ஸை நகர்த்தியவர் அவர். அந்த ஆணி என்ன சொன்னது என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தலையைத் திருப்பினார். மகன் மண்டியிட்டுக் குனிந்து, அவர் பார்த்ததையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"சொல்லாதீங்க சார்," என்றான், உதடு மட்டும் அசைய.

நர்சம்மா மூன்று கிளாஸ் டீயோடு வந்தாள். டிரைவர் வெளியே வந்து கையைத் துடைத்தார். அவள் கிளாஸை நீட்டாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"ஒண்ணு கேக்கணும். அதுக்குத்தான் உங்களை வரவே சொன்னேன். வண்டியில கோளாறு ஏதாவது இருந்துதா? இல்ல, அவர் ஓட்டினதுதானா?"

ஒன்றுமில்லை என்றால் இவள் சாகும்வரை அந்த ஒரு வார்த்தையைச் சுமப்பாள். உள்ளதைச் சொன்னால் அவன் கதி? இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருப்பதாக டிரைவருக்குத் தோன்றியது. அவசரத்தில் அதைப் பிடித்துக்கொண்டார்.

"பிரேக் விட்டிருக்கும்மா. அவர் மிதிச்சிருப்பார், பிடிச்சிருக்காது. கோபமெல்லாம் காரணமில்ல. யார் உக்காந்து ஓட்டியிருந்தாலும் இதேதான். பழைய இரும்பு, தானா தெறிச்சுடும்."

அவள் முகம் மெல்ல இளகியது. முக்காலியில் உட்கார்ந்தாள். டீ மடியில் தளும்பியதுகூடத் தெரியவில்லை. "நான் இல்லையா?" என்று இரண்டு முறை கேட்டாள். டிரைவர் தலையாட்டினார். அப்பாடா என்று அவரும் ஒரு கிளாஸை அவள் கையிலிருந்து வாங்கி வாய்க்குக் கொண்டுபோனார்.

"பிரேக்கா?" என்றாள் திடீரென்று. "பிரேக்கை அந்த வாரம்தானே இவன் சரி பண்ணான்?"

அவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு, முழங்கால் வலியையும் பாராமல் தரையில் படுத்து உள்ளே பார்த்தாள். எத்தனையோ காயங்களைக் கூர்ந்து பார்த்துப் பழகிய கண். வெளியே வர அதிக நேரம் ஆகவில்லை.

"அது ஆணிதானே?"

"கடையில அந்த பின் கிடைக்கலம்மா," என்றான் மகன். "ரெண்டு நாள் தாங்கும்னு போட்டேன். அப்பாகிட்ட சொல்லணும்னு இருந்தேன். மறந்துட்டேன்."

"உனக்கு எப்போ தெரியும்?"

"அன்னைக்கே. வண்டியைத் தூக்கும்போதே பார்த்தேன்."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. "ஆணி போட்டதை விடு. அது யாருக்கும் நடக்கும். நான் அழுதப்பல்லாம் பக்கத்துல உக்காந்து, 'அழாதம்மா, நீ என்ன பண்ணுவே'ன்னு முதுகைத் தடவிவிட்டியே. பதினோரு வருஷம் தடவினியே. அப்போகூட உனக்கு வாய் வரலையா?"



டிரைவர் தன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தார். "நீங்க எங்க போறீங்க? பிரிங்க," என்றாள் அவள். மகனே குனிந்து ஸ்பானரை எடுத்தான். மூன்று மணி நேரம் இரண்டு ஆண்களும் அந்த வண்டியை நட்டு நட்டாகக் கழற்றினார்கள். அவள் முக்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. எல்லாவற்றையும் வேனில் ஏற்றியபோது, "அவர் மிதிச்ச பெடலை மட்டும் வெச்சுட்டுப் போங்க" என்றாள்.

பல்சக்கரம் அவர் வண்டியில், பிறந்த இடத்துக்குத் திரும்பியதுபோல் போய் உட்கார்ந்தது. டிரைவர் கொல்லையில் இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு எஞ்சினை அணைத்தார். நடந்ததை மனைவியிடம் சொன்னார். "ஒண்ணும் தெரியலன்னு சொல்லியிருக்கலாமே," என்றாள் அவள்.

"சொல்லியிருக்கலாம்."

அதற்கப்புறம் அவர் அந்த வண்டியைத் தொடவில்லை. கேட்டவர்களிடம் முதுகுவலி என்றார்.

நாலு மாதம் கழித்து நர்சம்மா போன் செய்தாள். மகன் மாற்றல் வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டானாம்.

"நான்தான் போகச் சொன்னேன். வாரா வாரம் போன் பண்றான். அவன் பேசுவான், நான் கேட்டுட்டு வெச்சுடுவேன். இத்தனை வருஷமும் என்னை நினைச்சுத்தான் அழுதிருக்கேன், டிரைவர். இப்போதான் அவரை நினைச்சு அழுகை வருது."

நான் சொன்னது தப்பா என்று கேட்க அவருக்கு வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

"நீங்க ஒரு நடை அவனைப் போய்ப் பார்த்துட்டு வரீங்களா? ஒழுங்கா சாப்பிடறானான்னு பாருங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

மறுநாள் காலை பஸ்ஸிலேயே போனார். மாடியில் ஒற்றை அறை. ஜன்னலோரம் பாயும் ஒரு அடுப்பும் தவிர வேறொன்றுமில்லை. மகன் பாதியாக இளைத்திருந்தான். அவரைப் பார்த்ததும் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு உள்ளே திரும்பினான்.

"அம்மா அனுப்பினாங்களா?"

"இல்ல தம்பி. நானாத்தான் வந்தேன்."

அவன் அவர் முகத்தைப் பார்த்தான்; பொய் என்று புரிந்துவிட்டது. பிறகு சோறு வெந்திருந்த அடுப்பை அணைத்தான். இருந்த ஒரே தட்டைக் கழுவி அவர் முன்னால் வைத்தான்.