எருமையின் வால்

ஜன்னல் கண்ணாடியில் டீஸ்பூன் ஒரு முறை தட்டியது. அவன் உப்புத்தாளைப் படகிலிருந்து எடுத்துவிட்டு நிமிர்ந்தான். ஒரு தட்டு என்றால் நிறுத்த வேண்டும். இரண்டு தட்டு என்றால் தேய்க்கலாம். மூன்று தட்டு என்றால் உள்ளே வர வேண்டும், ஆனால் மாப்பிள்ளையைத் தட்டிக் கூப்பிடுவது மரியாதை இல்லை என்று அத்தை அதை இதுவரை பயன்படுத்தியதே கிடையாது. கூப்பிட வேண்டுமென்றால் மகளைத்தான் அனுப்புவாள்.

படகு வாசலில் இரண்டு பெஞ்சுகளின் மேல் கவிழ்ந்து கிடந்தது. அதைப் பார்ப்பதற்காகவே அத்தையின் கட்டிலை முன்னறை ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருந்தார்கள். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் கையை விரித்தபோது, "அப்ப சரி, வீட்டுல எனக்கு வேலை கிடக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பி வந்தவள் அவள். வேலை என்று அவள் சொன்னது படகின் அடியில் விழுந்திருந்த விரிசலை. ஞாயிற்றுக்கிழமை ஏரியில் குளிர்காலப் பந்தயம் தொடங்குகிறது. வெள்ளிக்கிழமை ஆகியும், விரிசலில் பூசிய பசை மேடு தட்டிக் கிடந்தது.

அந்தப் படகுக்கு ஏரியில் எருமை என்று பெயர். வைத்தது யாரென்று தெரியாது, பொருத்தம் மட்டும் எல்லோருக்கும் தெரியும். குளிர் முடியும்வரை ஞாயிறுதோறும் நடக்கும் அந்தப் பந்தயத்தில் ஒல்லிப் படகு, ஒற்றை ஆள் படகு, எருமை மாதிரிப் பழைய மரப்படகு என்று எல்லா வகைப் பாய்மரப் படகுகளும் ஒன்றாகவே ஓடும். வகைக்கு ஒரு எண் உண்டு. அதை வைத்து வேகமான படகுக்கு நேரத்தைக் கூட்டி, மெதுவானதற்குக் கழிப்பார்கள். அதனால் முதலில் வந்து சேர்ந்தவர் ஜெயித்துவிட்டோம் என்று துள்ள முடியாது. எருமை ஆடி அசைந்து வந்து முடிவுக் கோட்டைத் தாண்டும்வரை மற்றவர்கள் கரையில் கையைத் தேய்த்துக்கொண்டு நிற்க வேண்டும். வேகப் படகு வைத்திருக்கும் வக்கீல் குளிரில் கால் மாற்றி நிற்பதைத் தூரத்திலிருந்து பார்ப்பது அத்தைக்குத் தனி சந்தோஷம்.

அத்தை டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். சுக்கான் எப்போதும் அவள் கையில். முன்னால் உட்கார்ந்து சின்னப் பாயின் கயிற்றைப் பிடிப்பதும், காற்று வரும் பக்கம் உடம்பை வெளியே சாய்த்துப் படகு கவிழாமல் பார்த்துக்கொள்வதும் அவன் வேலை. அவன் பேக்கரியில் வேலை பார்ப்பவன், பன்னை ருசி பார்த்தே உடம்பு போட்டவன். "மொத தடவை நீங்க வீட்டுக்கு வந்து சோபாவுல உக்காந்தப்பவே நான் முடிவு பண்ணிட்டேன்" என்பாள் அத்தை. "எம் பொண்ணு அதுக்கப்புறம்தான் முடிவு பண்ணினா."

வீட்டில் அவன் எதிரே அவள் காலை நீட்டிக்கூட உட்கார்ந்ததில்லை. தண்ணீரிலும் அந்த மரியாதை குறையாது. "மாப்பிள்ளை, தயவுசெஞ்சு அந்தக் கயித்த விடுங்க, ரெண்டு பேரும் முழுகப் போறோம்" என்பாள், காற்று காதைக் கிழிக்கும்போதும். ஒரே ஒரு முறை, படகு கவிழ்ந்து அவன் பாய்க்கு அடியில் சிக்கிக்கொண்டபோது, "டேய்" என்று கத்தினாள். அவனை இழுத்துப் போட்டு, கரை சேர்ந்து, துணி மாற்றியபின் மகளைக் கூப்பிட்டு, "மாப்பிள்ளை ஒண்ணும் மனசுல வச்சுக்க வேணாம்னு சொல்லு" என்றாளாம். அந்த டேய் அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதைச் சொல்லும் துணிவு கடைசிவரை வரவில்லை.

இரண்டு தட்டு. அவன் மறுபடி தேய்த்தான். அவன் மனைவி மருந்து வாங்கப் போயிருந்தாள். மாமா ஏரிக்கரைக் கொட்டகையில் பந்தய வழியைக் காட்டும் மிதவைகளுக்குச் சாயம் அடித்துக்கொண்டிருப்பார்.

அப்போது ஜன்னலில் மூன்று தட்டு கேட்டது.

அவன் கையை உதறிக்கொண்டு உள்ளே ஓடினான். அத்தை தலையணையில் சாய்ந்து நன்றாகத்தான் இருந்தாள். அவன் ஓடி வந்ததைப் பார்த்து அவளுக்கே கூச்சமாக இருந்தது.

"ஒண்ணும் இல்ல மாப்பிள்ளை, உக்காருங்க. கூப்பிட ஆள் இல்ல, அதான்."

அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"பேர் குடுத்துட்டீங்களா?"

"இன்னும் இல்ல அத்தை."

"நாளைக்குச் சாயங்காலத்தோட முடிஞ்சிடும். மொத வாரம் பேர் குடுக்கலேன்னா இந்தக் குளிர் முழுக்க எருமை வாசல்லதான் கிடக்கும்."

"யார் பேரைக் குடுக்கறது?"

"உங்க பேரை. சுக்கானை நீங்க பிடிங்க. முன்னாடி உக்கார ஆள் தேடிக்கங்க." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "நான் இல்லேன்னா நடக்காதுன்னு எதுவும் இருக்கக் கூடாது. எனக்கு அது பிடிக்கல. டிப்போவுலகூட நான் லீவு போட்ட அன்னைக்கு பஸ் போகத்தான் செஞ்சுது."

அவன் தலையாட்டினான். படகில் கயிற்றுக்காரன் வேலையைத் தவிர அவனுக்கு வேறொன்றும் தெரியாது. அது அவளுக்கும் தெரியும்.

"இன்னொண்ணு. கோட்டைத் தாண்டறப்போ படகோட மூக்கு தொட்டதும் கயித்த விட்டுடாதீங்க. வால் தாண்டற வரைக்கும் பிடிங்க."

"மூக்கு தொட்டாலே முடிஞ்ச மாதிரிதானே அத்தை? ரூல் அப்படித்தானே?"

"மத்தவங்களுக்கு." அத்தை சிரித்தாள். "நமக்கு வால் தாண்டினாத்தான் உங்க மாமா விசில் ஊதுவார். இத்தனை வருஷம் முன்னாடி உக்காந்து அதைக்கூட கவனிக்கலையா நீங்க?"

அவன் கவனித்ததில்லை. மாமாதான் படகுச் சங்கத்தில் நேரம் குறிப்பவர். கடைகளின் தராசையும் எடைக்கல்லையும் சோதிக்கும் ஆபீஸில் வேலை பார்த்து, எந்தக் கடையிலும் ஒரு டீகூட ஓசியில் குடிக்காதவர். பொண்டாட்டிக்குச் சலுகை காட்டிவிட்டார் என்று ஒரு சொல் வரக் கூடாது என்பதற்காக அவர் தராசு மறுபக்கம் சாய்ந்திருக்கிறது. அவன் அதை இப்போதுதான் புரிந்துகொண்டான்.

"அநியாயமா இருக்கே. நீங்க கேக்கலையா?"

"எதுக்குக் கேக்கணும்? மூக்குலேர்ந்து வால் வரைக்கும் மனுஷன் என் படகை மட்டும் கண்ணு கொட்டாம பாத்துக்கிட்டு இருக்கார். வீட்டுல என்னைக்கு என்னை அப்படிப் பாத்தார்?" அவள் முகம் மலர்ந்திருந்தது. "நீங்களும் கேட்டு வைக்காதீங்க. போங்க, வேலையப் பாருங்க. நான் சொல்ற வரைக்கும் தேய்ங்க."

அவன் வெளியே வந்தான். கண்ணாடியில் இரண்டு தட்டு கேட்டது. தேய்க்க ஆரம்பித்தான்.

மேடு தணிந்தது. வழக்கமாக இந்த இடத்தில் ஒரு தட்டு வரும், அவள் வெறும் பார்வையிலேயே குறை கண்டுபிடிப்பாள். இன்று வரவில்லை. அத்தைக்கு இன்று மனசு நிறைந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவன் பாட்டுக்குத் தேய்த்தான். பசை வழவழவென்று ஆகி, மெலிந்து, அதன் வழியே விரிசல் மறுபடி கோடாகத் தெரிந்தது. அப்போதும் ஜன்னல் சும்மா இருந்தது. அவள் இருந்திருந்தால் இதை இவ்வளவு தூரம் விட்டிருக்க மாட்டாள் என்று அவன் கைக்குத்தான் முதலில் புரிந்தது, அது தானாக நின்றது.

அத்தை வாசலைப் பார்த்தபடியே இருந்தாள். ஸ்பூன் போர்வை மடிப்பில் கிடந்தது. அவன் உப்புத்தாளைப் பிடித்தபடி குளிரில் நின்று அழுதான். பிறகு உள்ளே போய், அவள் காலின் மேல் போர்வையை இழுத்துவிட்டான். காலை நீட்டியிருப்பதை மாப்பிள்ளை பார்த்தால் அவளுக்குப் பிடிக்காது.

மாமா வந்தார். விரல்களில் ஆரஞ்சுச் சாயம் காயாமல் இருந்தது. வெகுநேரம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, "மணி பாத்தீங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டார்.

"பாக்கல மாமா. நான் தேச்சுக்கிட்டு இருந்தேன்."

"டாக்டர் சர்ட்டிபிகேட்டுல ஒரு நேரம் போட்டிருக்கார். அது அவர் வந்த நேரம். அவ போன நேரம் இல்ல." அவர் குரலில் கோபம் இல்லை. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் நேரம் குறித்தவர், இதைத் தவறவிட்டுவிட்டார். சாயம் பட்ட கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை மதியம் அடக்கம். டிப்போ டிரைவர்கள் சீருடையிலேயே வந்தார்கள். அத்தை ரிவர்ஸ் எடுக்கிற அழகைப் பற்றி ஒருவர் தொடங்க, ஆளுக்கொரு கதை வந்தது. டிப்போ மேனேஜரின் சைக்கிள் நசுங்கிய கதைக்கு முன்னறையில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள், அவன் மனைவியும் அழுகைக்கு நடுவில் சிரித்தாள். சங்கத்துக்காரர்கள் கடைசியில் வந்தார்கள். வக்கீல் வாசலில் கவிழ்ந்து கிடந்த எருமையைத் தடவிப் பார்த்துவிட்டு அவன் மனைவியிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க அம்மாவை நான் திட்டாத ஞாயித்துக்கிழமை கிடையாதும்மா. இனிமே அந்தக் குளிர்ல நான் யாருக்காக நிக்கறது?"

அவர் போனபின் அவள் கொஞ்ச நேரம் படகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் சங்கத்தின் தகரக் கொட்டகையில் பேர் எழுத மாமாவே உட்கார்ந்திருந்தார். செயலாளர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "வீட்டுல உக்காந்து நான் யாரைப் பாக்கறது?" என்று மாமா பேனாவைத் திறந்துவிட்டார். வரிசையில் அவன் கடைசி ஆளாக நின்றான். பின்னால் அவன் மனைவி, அப்பாவுக்கு பிளாஸ்க்கில் டீ கொண்டுவந்தவள்.

"படகு?" மாமா மற்றவர்களைக் கேட்டது போலவே கேட்டார்.

"எருமை."

"சுக்கான்?"

"நான்."

"முன்னாடி?"

அவன் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தான். காலையிலிருந்து கேட்ட அத்தனை பேரும் ஏற்கெனவே வேறு படகுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"ரெண்டு ஆள் இல்லாம எழுத முடியாது மாப்பிள்ளை. உங்களுக்கே தெரியும்."

"தெரியும் மாமா."

"அத்தை படகுங்கறதுக்காக..."

"எழுதச் சொல்லல மாமா."

மாமாவின் பேனா காகிதத்துக்கு மேலேயே நின்றது. அவருக்கும் எழுத ஆசைதான், முகத்தில் அது அப்படியே தெரிந்தது. ஆனால் அவர் எழுத மாட்டார்.

"என் பேரை எழுதுங்கப்பா" என்றாள் அவன் மனைவி.

மாமா நிமிர்ந்தார். "உனக்குத் தண்ணி ஆகாதேம்மா. சின்ன வயசுல ஏத்தினதுக்கு ரெண்டு நாள் வாந்தி எடுத்த."

"இப்பவும் எடுப்பேன். எழுதுங்க."

அவர் எழுதினார். எழுதி முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மாப்பிள்ளை எடை பின்னாடி போயிடும். மூக்கு தூக்கும், பாத்துக்கங்க" என்றார்.

அன்றிரவு எருமையை பேக்கரிக்கு இழுத்துப் போய், விரிசலில் புதுப் பசை பூசி, அடுப்புச் சுவரோரம் நிறுத்தினான். விடிவதற்குள் காய்ந்திருந்தது. இந்த முறை நிறுத்தச் சொல்ல ஆள் இல்லாததால் இரண்டு இழுப்போடு உப்புத்தாளைக் கீழே வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காற்று மிதமாகத்தான் இருந்தது. வக்கீலின் படகு புறப்பட்டது தெரியாமல் காணாமல் போயிற்று. எருமை முதல் மிதவையைத் திரும்புவதற்குள் அவன் மனைவி ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்து, ஏரித் தண்ணீரில் வாயைக் கொப்பளித்துவிட்டு, "இப்ப எந்தக் கயிறு?" என்றாள். அவன் சொன்னான். அவள் தப்பான கயிற்றை இழுத்தாள். சுக்கான் பிடித்தவன் கண்ணுக்கு முன்னால் இருப்பவர் செய்கிற தப்பு எல்லாம் தெரியும் என்பதை அவன் அன்றுதான் அறிந்தான். இத்தனை வருஷம் அத்தை எவ்வளவு பொறுத்துக்கொண்டாள் என்றும் தெரிந்தது. அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"எதுக்கு இளிக்கிறீங்க?"

"தயவுசெஞ்சு அந்தப் பக்கத்துக் கயித்த இழுங்க அம்மா."

அவள் திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் குரலை அவன் எடுத்திருப்பது புரிந்து, கண் கலங்கி, சரியான கயிற்றை இழுத்தாள். பாய் நிறைந்தது. அதன்பிறகு எருமை தன் சக்திக்கு நன்றாகவே போயிற்று. இரண்டாவது சுற்றில் அவள் வாந்தி எடுக்க மறந்துவிட்டாள்.

கடைசிச் சுற்று முடியும்போது மற்றப் படகுகள் எல்லாம் கரையேறியிருந்தன. ஆட்கள் கையைத் தேய்த்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். வக்கீல் கால் மாற்றி நின்றார். கொட்டகை முன்னால் மாமா, ஒரு கையில் கடிகாரம், வாயில் விசில். அவன் உடம்பை வெளியே சாய்த்தான். எருமையின் மூக்கு கோட்டைத் தொட்டது.

விசில் ஒலித்தது.

அவன் திடுக்கிட்டுக் கரையைப் பார்த்தான்.

"ஊதிட்டாரே, விட்டுடலாமா?" என்றாள் அவன் மனைவி.

"இன்னும் கொஞ்சம் பிடி."

அவள் ஏன் என்று கேட்காமல் பிடித்தாள். படகு மெல்லக் கோட்டின் மேல் நகர்ந்தது. கரையில் எல்லோரும் மாமாவைச் சுற்றிக்கொண்டு கணக்கு என்ன என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். அவர் யாருக்கும் பதில் சொல்லவில்லை, காகிதத்தையும் பார்க்கவில்லை. வாயில் விசிலோடு எருமையையே பார்த்துக்கொண்டிருந்தார். வாலும் கோட்டைத் தாண்டியபிறகுதான் எழுதக் குனிந்தார்.