சேலைக்கு மேல் கட்டம் போட்ட சட்டை

கோயமுத்தூர் கிராஸ்கட் ரோட்டில் இருந்த அந்த ரெடிமேட் கடையில் மதிவதனி பதினோரு வருடமாக நின்றுகொண்டிருந்தாள். வேலை பார்த்தாள் என்பதை விட நின்றாள் என்பதே பொருத்தம். கடைப் பெண்கள் உட்காரக் கூடாது என்று யாரும் எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. உட்காருவதற்கு ஒன்றும் போட்டு வைக்கவில்லை, அவ்வளவுதான். மதுக்கரையிலிருந்து காலையில் டவுன் பஸ்ஸில் நின்றே வருவாள், இரவு நின்றே போவாள். முழங்காலுக்குக் கீழே நரம்புகள் நீலமாகச் சுருட்டிக்கொண்டிருந்தன. பெரியாஸ்பத்திரி டாக்டர் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, நிற்கிற வேலையை விட்டுவிடச் சொன்னார். விட்டுவிட்டு என்ன செய்வது என்பதற்கு மருந்துச் சீட்டில் இடமில்லை போலும்.

கடையில் உட்காரக் கொடுத்து வைத்தவர் ஒருவர்தான். கல்லாவில் இருந்த கோவிந்தராஜுலு. அவரும் தீபாவளியோடு வேலையை விட்டுவிட்டு உடுமலைப்பேட்டையில் மகன் வீட்டுக்குப் போவதாக இருந்தார். அவர் நாற்காலி மேல் மதிவதனிக்கு ஒரு கண். ஒரு கண் என்ன, இரண்டு கண்ணும்தான். மெத்தை கிழிந்து பஞ்சு தெரிகிற இரும்பு நாற்காலி அது. ராத்திரி கால் குடைகிறபோதெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டு படுத்திருப்பாள்.

தொண்ணூற்று நாலாம் வருடத்து ஐப்பசியில், முதலாளி கிருபாசங்கர் திருப்பூரிலிருந்து ஒரு வேன் நிறையச் சரக்கு கொண்டுவந்து இறக்கினான். வெளிநாட்டுக்காரன் வேண்டாமென்று தள்ளிவிட்ட சரக்கு. மெத்தென்று கனமான கட்டம் போட்ட சட்டைகள், பஞ்சு வைத்துத் தைத்த கையில்லாத கோட்டுகள், கம்பளிக் குல்லாய்கள். எல்லாம் துரு நிறம், சருகு நிறம், காய்ந்த புகையிலை நிறம். அந்த ஊர்களில் இலை உதிர்கிற காலம் என்று ஒன்று உண்டாம். அப்போது பட்டணத்துக்காரர்கள் காட்டுப் பக்கமே போகாமல் காட்டிலிருந்து இப்போதுதான் வந்தவர்கள் மாதிரி உடுத்திக்கொண்டு காபி குடிப்பார்களாம். அதையே இங்கே ரேஸ்கோர்ஸில் காலை நடை போகிற பணக்காரர்களுக்கும் விற்றுவிடலாம் என்பது கிருபாசங்கரின் கணக்கு. பணம் இருக்கிறவனுக்கு எதுவும் கணக்காகத்தான் தெரியும்.

"அம்மணி, நீங்க ஒண்ணைப் போட்டுட்டு வாசல்ல நின்னுக்கங்க. பாக்கறவங்களுக்கு ஆசை வரோணும்" என்றான். "இந்தச் சரக்கு தீவாளிக்குள்ள போயிருச்சுன்னா, ராஜுலு அய்யா சேரு உங்களுக்குத்தானுங்க."

எங்கள் பக்கம் வேலை வாங்குவதும் மரியாதையாகத்தான். 'நில்' என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். 'நின்னுக்கங்க' என்பார்கள். கால் வலி என்னவோ இரண்டுக்கும் ஒன்றுதான்.

மதிவதனி சேலைக்கு மேல் கட்டம் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தாள். கண்ணாடியில் நின்றது அவள் அம்மா பழனாத்தாள். அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு, விடியுமுன்னே பண்ணையக்காரர் சோளக்காட்டுக்குக் களையெடுக்கப் போன அதே பழனாத்தாள். இந்த வேஷத்தை மட்டும் என் ஜென்மத்தில் போட மாட்டேன் என்றுதான் மதிவதனி பத்தாவது வரை படித்தாள், இந்தக் கடையில் வந்து நின்றாள். இப்போது கடையே அந்த வேஷத்தை அவளுக்குப் போட்டுவிட்டது.

முதல் நாள் தெருவில் போனவர்கள் சிரித்தார்கள். "ஏனுங்கக்கா, எந்தக் காட்டுக்குக் கெளம்பீட்டிங்க?" என்று பூக்காரி கேட்டாள். மதிவதனிக்கு முகம் எரிந்தது. மழைக்கு முந்தைய புழுக்கத்தில் சட்டைக்குள் வியர்வை ஓடியது.

மறுநாள் கார் ஒன்று வந்து நின்றது. இறங்கியவள் நந்திதா, புதிதாகக் கல்யாணமானவள். தலைதீபாவளி முடிந்ததும் கணவனோடு ஊட்டிக்குப் போகிறாளாம்.

"சேலை மேல சட்டையா? நல்லாவா இருக்கும்?" என்றாள் மூக்கைச் சுருக்கி.

சாதாரணமாக மதிவதனி, "அருமையா இருக்குமுங்க" என்றிருப்பாள். அன்றைக்குப் பொய் சொல்லக்கூடத் தெம்பில்லை. "களையெடுக்கறவங்க போடறதுதானுங்க. எங்கம்மா போட்டாங்க. பனியும் ஏறாது, சோளத் தோகையும் கையை அறுக்காது. முந்தானைய இப்படிச் சுத்தி உள்ள சொருகிட்டு, கைய ரெண்டு மடிப்பு மடிச்சு உட்டீங்கன்னா எந்நேரமும் அப்படியே நிக்குமுங்க" என்றாள். சொல்லிக்கொண்டே மடித்தும் விட்டாள்.

நந்திதா கண்ணாடி முன் இப்படியும் அப்படியும் திரும்பினாள். "அய்யோ, ஸ்டைலா இருக்குதே!" என்று இரண்டாக எடுத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் அவள் தோழிகள் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் காலேஜ் பெண்கள். எல்லோருக்கும் அதே மாதிரி சொருகி, மடித்துவிட வேண்டும் என்றார்கள். பழனாத்தாளைப் பார்த்தால் சேற்றுக்காலோடு உள்ளே வராதே என்று சொல்லக்கூடிய வீட்டுப் பெண்கள், பழனாத்தாள் மாதிரியே உடுத்திக்கொண்டு சிரித்துக்கொண்டே போனார்கள். மதிவதனிக்குக் கோபம் வரவில்லை. கோபப்படக் காலில் வலு வேண்டும். இன்னும் கொஞ்சம், அப்புறம் நாற்காலி என்று நினைத்தபடி மடித்துக்கொண்டே இருந்தாள். தீபாவளிக்கு முன்னாலேயே கடைசிக் கோட்டும் போய்விட்டது. மிஞ்சியது அவள் உடம்பில் இருந்த சட்டை மட்டும்.

தீபாவளி முடிந்து கடை திறந்த அன்று கோவிந்தராஜுலு இல்லை. நாற்காலி காலியாக இருந்தது. வாசலில் வேன் நின்றது; உள்ளே அதே மாதிரிப் பெட்டிகள், முன்னைவிட அதிகம். கிருபாசங்கர் முகமெல்லாம் சிரிப்பு.

"சட்டையப் போட்டுக்கங்க அம்மணி. மார்கழிக் குளுருக்குப் பிச்சுட்டுப் போகும்."

"கல்லாவுக்குன்னு சொன்னீங்களேங்க" என்றாள் மதிவதனி மெதுவாக.

"கல்லாவுக்கு எங்க மச்சான் பையன் ரூபன் வாரானுங்க. உங்களைப் போயி அங்க உக்கார வெச்சா வாசல்ல யாரு நிப்பா? வேற புள்ளைகளுக்குப் போட்டுப் பாத்தனுங்க, எடுபடலை. நீங்க போட்டாத்தான் நிசமாட்ட இருக்குது. எங்க தோட்டத்துல வேலை செய்யறவங்க அப்படியே வந்து நிக்கற மாதிரி." அவன் பாராட்டாகத்தான் சொன்னான். மனதில் ஒரு கள்ளமும் இல்லை. அதுதான் பெரிய கொடுமை.

மதிவதனி சட்டையை மாட்டிக்கொண்டாள். முந்தானையைச் சுற்றிச் சொருகினாள், கையை இரண்டு மடிப்பு மடித்தாள். பிறகு வாசலுக்குப் போகவில்லை. கல்லாவுக்குப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பில் போட ஒரு குடும்பம் வந்து நின்றுகொண்டிருந்தது. அவர்கள் முன்னால் கத்த முடியாமல் கிருபாசங்கர் அருகில் வந்து குனிந்தான்.

"எந்திரிங்க அம்மணி. ஆளுக பாக்கறாங்க."

"கால் வலிக்குதுங்க" என்றாள் மதிவதனி. இத்தனை வருடத்தில் அந்தக் கடைக்குள் அதை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். நாளைக்கு வேலை இருக்குமோ இருக்காதோ. அதை எழுந்த பிறகு யோசித்துக்கொள்ளலாம்.