மூணு பேஸ் இல்லாத நேரம்

நிலக்கோட்டைப் பக்கம் சுருளிவேல் சித்தப்பாவின் மல்லிகைத் தோட்டத்தில்தான் எங்கள் கருவியை முதன்முதலாக மாட்டினோம். எங்கள் என்றால் நானும், கூடப் படிக்கும் பழனிக்குமாரும். கையகலக் கம்ப்யூட்டர் போர்டு, அதன் மேல் மோட்டாரைப் போட்டு நிறுத்த ஒரு ரிலே மாட்யூல். மண்ணின் ஈரத்தை அளக்கும் இன்னொரு மாட்யூலை ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து வந்து மாட்டுவதாகப் பேச்சு. இது ஓடினால் பூ விவசாயிகள் சங்கமே எங்களைக் கூப்பிடும். அதைவிடப் பெரிய ஆசை எனக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை பழனி போன் செய்தான். போர்டு செத்துவிட்டதாம், நான் எழுதிய புரோகிராம் ரிலேயை விடாமல் தட்டித் தட்டி எரித்துவிட்டதாம். நம்பினேன். முழுவதையும் புதிதாக எழுதிப் பார்த்தேன். தப்பு எதுவும் கிடைக்கவில்லை. கண்டுபிடிக்கக்கூடத் தெரியாத முட்டாள் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அவன் ஆறுதல் வேறு சொன்னான்.

ஞாயிறன்று அவனுக்குக் காய்ச்சல் என்றான். என் ப்ராஜெக்டுக்கு வைத்திருந்த போர்டையும் மாட்யூல்களையும் எடுத்துக்கொண்டு தனியாக பஸ் ஏறினேன்.

மோட்டார் ரூமில் பெட்டியைத் திறந்தால், ரிலேக்கு மேல் ஈர மாட்யூல் உட்கார்ந்திருந்தது. அதுவும் பின்கள் ஒரு வரிசை தள்ளி. பின்களின் ஓரம் கருகியிருந்தது.

"இத யாரு சித்தப்பா மாட்டுனது?"

"பழனித் தம்பிதான். வியாழக்கெழம சங்கத்து ஆளுங்களக் கூட்டியாந்துச்சு. மதிக்குப் பரிச்சைன்னு சொல்லுச்சே தாயி."

எனக்கு எந்தப் பரீட்சையும் இல்லை.

மாட்டும்போது பிளக்கைப் பிடுங்கினானா என்று கேட்டேன்.

"அதெதுக்கு? அப்ப மூணு பேஸ் போயிருச்சு. கரண்டு இல்ல, சும்மா வையி தம்பின்னு நாந்தான் சொன்னேன்."

இங்கே எல்லோரும் அப்படித்தான். மும்முனை மின்சாரம் போய் மோட்டார் நின்றுவிட்டால் கரண்டே இல்லை என்று பேச்சு; பிறகு எதிலும் கை வைப்பார்கள். ஆனால் விளக்குக்கு வரும் ஒற்றை முனை அப்போதும் இருக்கும். எங்கள் போர்டு அதில்தான் ஓடுகிறது. சித்தப்பாவுக்கு அது தெரியாது. பழனிக்குத் தெரியும். அடாப்டரைச் சொருகியதே அவன்தான். ஆட்கள் முன்னால் காட்டும் அவசரத்தில் உயிரோடிருந்த போர்டின் மேல் மாட்யூலைக் குத்தியிருக்கிறான்.

புகைந்ததும், எழுதிய புள்ள தப்பாக எழுதிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னானாம். பழகப் பழகச் சரியாகிவிடும் என்று சித்தப்பா என்னைத் தேற்றினார்.

பிளக்கைப் பிடுங்கினேன். அடாப்டரின் விளக்கு அணையும்வரை காத்திருந்து, உடம்பின் மின்னூட்டம் இறங்க இரும்புக் குழாயைத் தொட்டேன். கருகியவற்றைக் கழற்றிவிட்டு, நான் கொண்டுவந்தவற்றை எடுத்தேன். போர்டு கூப்பிடும் முகவரி இரண்டு மாட்யூலுக்கும் ஒன்றாகவே வரும். ஒன்றோடொன்று மோதாமல் இருக்க ஒன்றின் முகவரியைத் தீர்மானிக்கும் ஜம்பர் துண்டை மாற்றிச் சொருகினேன். முதல் பின் முதல் துளைக்கு நேராக இருக்கிறதா என்று பக்கவாட்டில் பார்த்து, இருபுறமும் சமமாக அழுத்தி, மூலைகளில் திருகு முடுக்கினேன். பிறகுதான் கரண்ட். செட்டிங்கில் இணைப்பைத் திறந்துவிட்டதும் திரையில் இரண்டு முகவரிகளும் தனித்தனியாக வந்தன. மும்முனை வந்ததும் மோட்டார் பிடித்தது. வாய்க்காலில் தண்ணீர் விழுந்தது.

அப்போது பழனி கூப்பிட்டான். மோட்டார் சத்தம் கேட்டதும், சங்கத்துக்காரர்களுக்குக் காட்ட வேண்டும், போர்டுக்குள் நுழையும் புது பாஸ்வேர்டை அனுப்பு என்றான்.

"காச்சலு எப்படி இருக்கு?" என்றேன். "வியாழக்கெழம நீ வந்தத சித்தப்பா சொல்லிட்டாரு. ஸ்பீக்கர்ல போடுறேன். நடந்தத அவருகிட்ட நீயே சொல்லு, பாஸ்வேர்ட தாரேன்."

ஸ்பீக்கரில் போட்டேன். அவன் குரல் சிரித்துக்கொண்டே வந்தது.

"சித்தப்பா, ஓடுதுல்ல? எங்க தப்பு இருக்குன்னு நேத்துத்தான் மதிக்குச் சொல்லிக் குடுத்தேன்."

சித்தப்பா என் முகத்தைப் பார்த்தார். பிறகு கருகிய மாட்யூலை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். நான் போனை அணைத்தேன்.

"சங்கத்து ஆளுங்கள மறுபடி வரச்சொல்லவா தாயி?"

"சொல்லுங்க சித்தப்பா. அவனக் கூப்புட வேணாம்."

 திருகாணிகளைப் பொறுக்குவதுபோலத் தரையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.