நீலத் தட்டில் கிடந்த கண்ணாடி

நீலத் தட்டில் எது கிடந்தாலும் கழுவிவிட வேண்டும். அந்த ஆய்வுக்கூடத்தில் எழுதி ஒட்டாத சட்டம் அது. அன்றைக்கும், எல்லாரும் அக்கா என்று கூப்பிடும் துப்புரவுக்காரி தட்டில் கிடந்த சதுரக் கண்ணாடிகளைச் சோப்பில் தேய்த்து, அசிட்டோனில் அலசிக் காய வைத்தாள்.

தாடிக்காரத் தம்பி ஓடி வந்தான். ஆராய்ச்சி மாணவன், அவளுடைய சாப்பாட்டு டப்பாவில் கேட்காமலே கைவைக்கிறவன்.

"அக்கா, இங்க வச்ச கண்ணாடி?"

"கழுவியாச்சே."

ஒன்றை எடுத்து ஊதினான். கண்ணாடி மங்கியது. அவன் மூஞ்சியும்தான்.

"மங்கக் கூடாதுக்கா. மேல ஒரு படலம் பூசியிருந்தேன். கண்ணுக்குத் தெரியாது, ஆவி பட்டா மங்காது. மாசக்கணக்கா உசிரை விட்டுச் செஞ்சது."

"அதை ஏம்ப்பா என் தட்டுல போட்டே?"

"போன் வந்துச்சு, ஞாபகமில்லாம வச்சிட்டேன்." குரலைத் தணித்தான். "பேராசிரியர் கேட்டா, மேசையில இருந்ததைத் தெரியாமத் துடைச்சிட்டேன்னு சொல்லுங்கக்கா. உங்களை ஒண்ணும் பண்ண மாட்டார். என்னைன்னா வெளிய அனுப்பிடுவார்."

அவளுக்கு வேலை நிரந்தரம் ஆகப் போகிற நேரம். வீட்டில் புருஷன் படுத்த படுக்கை. ஆனாலும் அக்கா என்று கூப்பிட்டவனைக் காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை. அப்படியே சொன்னாள்.

பேராசிரியர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "இந்தம்மா இனி உள்ள வேண்டாம்" என்றார், அவ்வளவுதான். நிரந்தரப் பேச்சு அதோடு அடிபட்டுப் போயிற்று. கழிவறை கழுவப் போட்டார்கள். எதிரே வந்தால் தம்பி செல்போனைப் பார்த்தபடி நடந்தான்.

படலத்தை அவன் மறுபடியும் செய்துவிட்டான். வராந்தாவில் கைகழுவும் இடத்துக் கண்ணாடியில் பூசியிருந்தார்கள். பெரிய மனிதர்கள் நாளைக்கு வந்து பார்ப்பார்களாம்.

"அதுல கைவைக்காதே" என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் கிட்டே போய் ஊதிப் பார்த்தாள். மங்கவில்லை. நரையும் கண்ணுக்குக் கீழே கறுப்பும் அப்படியே தெரிந்தன. செய்யாத தப்புக்குத் தண்டனை அனுபவித்தாயிற்று. தப்பு மட்டும்தான் பாக்கி.

கழிவறைப் பவுடரை நாரில் கொட்டி, ஓரம் விடாமல் தேய்த்தாள்.

மறுநாள் எல்லார் முன்னாலும் தம்பி வெந்நீர்க் குழாயைத் திறந்தான். கண்ணாடி வெள்ளையாக மூடிக்கொண்டது. மெல்லத் திரும்பினான்.

"அக்கா..."

அவளைக் கழிவறைக்குப் போட்ட பிறகு இப்போதுதான் அந்தச் சொல் வந்தது.

"தெரியாமத் துடைச்சிட்டேன் தம்பி" என்றாள்.

துரத்தும்வரை காத்திராமல் வாளியை வைத்துவிட்டுப் படியிறங்கினாள். வீட்டில் படுத்திருக்கிறவனிடம் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.